பொருளாளரின் கையெழுத்து

காசோலையில் என் பெயருக்கு நேரே
இன்னும் வெள்ளை.
மேசை ரம்பத்துக்கு டேடோ பிளேடு,
மூன்று கடை, மூன்று விலை:
மூவாயிரத்து இருநூறு,
ஒன்பதாயிரத்து ஐந்நூறு,
பதினாலாயிரம்.
எனக்கு ரம்பம் தெரியாது. கழித்தல் தெரியும்.

கோத்தகிரிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை,
பதினோரு பெண்கள்,
வாரம் நாற்பது தேனீப் பெட்டி.
ஒவ்வொரு பலகையிலும் காடி இழுக்க
ஒரே பிளேடில் ஆறு தடவை தள்ளுகிறாள் ஜெசிந்தா.
ஆறு தடவை.
மின்கட்டணம் கட்டுவது நான்.

"ஆடுற பிளேடு போதுமே" என்றேன்.
ஒன்றே ஒன்றுதான்; சாய்த்து மாட்டினால்
தள்ளாடித் தள்ளாடி அகலமாய்த் தின்னும்,
சம்பள ராத்திரி டாஸ்மாக் படியிறங்கும்
என் அண்ணனைப் போல.
யாரும் சிரிக்கவில்லை.
அவர்களுக்கும் அண்ணன்கள் உண்டு.

ஜெசிந்தா வாதாடவில்லை. குன்னூரில் யாரிடமோ
அப்படி ஒன்றை இரவல் வாங்கிவந்து
சில்வர் ஓக் துண்டில் ஒரு காடி இழுத்தாள்.
என் தம்ளரில் ஆறிப்போயிருந்த டீயை
அதில் ஊற்றினாள்.
நடுவில் தேங்கிற்று டீ. ஓரமெல்லாம் காய்ந்து கிடந்தது.
தட்டையில்லை அந்த அடி. தூளி.

"பலகை ஓரத்துல உக்காரும், நடுவுல உக்காராது"
என்றாள் நஞ்சி, பதினேழு கூடு வைத்திருப்பவள்.
"நமக்கு அது மயிரிழை.
மெழுகுப் பூச்சிக்குப் பிரசவ வார்டு."

பதினாலாயிரத்தை நானே அடித்தேன். எட்டு அங்குலம் அது.
ஐந்து மணிக்கு டீ ஃபேக்டரி விசிறிகள் சுற்றத் தொடங்கினால்
எங்கள் பல்பு மஞ்சளாகும்,
ஒன்றரைக் குதிரை மோட்டார்
மார்ச்சளிக் குழந்தையாய் முனகும்.

மிச்சம் ஆறு அங்குல அடுக்கு:
வெளியே இரண்டு பிளேடு, நடுவே வெட்டிகள்,
இடையில் செருக, காகிதம் போல் தகடுகள்.
தகடுக்கு எதற்குக் காசு என்றேன்.
அடிப்பலகை ப்ளைவுட்டை வெர்னியரில் பிடித்துக் காட்டினாள்.
ரசீதில் பன்னிரண்டு மில்லி.
காலையில் பதினொன்று புள்ளி ஆறு.
மூடுபனி கொட்டகைக்குள் வந்து போன பிறகு
பதினொன்று புள்ளி ஒன்பது.
என் பேரேட்டில் ஒரு எண் இப்படி ஊறினால்
ஆடிட்டர் என்னை விடுவாரா?

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, ரம்பத்தின் தண்டு குட்டை.
இரண்டு வெட்டிக்கு மேல் போட்டால்
நட்டு கடிக்க மரை மிஞ்சாது.
பெட்டியில் வருவதோ ஐந்து.
கோவைக்கு ஃபோன் போட்டேன்:
மூன்றை எடுத்துவிட்டு விலை குறைப்பீர்களா?
"அக்கா, இட்லிக் கொப்பரை வாங்கறப்ப
ஒரு தட்ட மட்டும் வேண்டாம்னு சொல்லுவீங்களா?"
நல்ல கேள்வி.
ஆனாலும் நூற்றைம்பது குறைத்தார்.

டேடோ மாட்டினால் பாதுகாப்பு மூடியைக்
கழற்றத்தான் வேண்டும் என்பதை
ஜெசிந்தா கடைசியில் சொன்னாள்,
ஜன்னல் பக்கம் பார்த்தபடி.
பேனா நின்றது.

தள்ளுகட்டை இரண்டு, முந்நூறு ரூபாய்.
யாரும் கேட்காமல் நானே சேர்த்தேன்.
தீர்மானப் புத்தகத்தில் 'விரல்கள் கருதி' என்று எழுதி,
அடித்து,
'இதர செலவு' என்று மாற்றினேன்.
கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் கோணிவிட்டது,
வங்கியில் வாங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வந்தது பெட்டி.
ஒரே தள்ளு. ஒரு காடி.
இந்தத் தடவை டீயை நான் ஊற்றினேன்.
சுவருக்குச் சுவர் ஒரே மட்டத்தில் நின்றது.
துடைத்துவிட்டு அடிப்பலகையைச் செருகி
உள்ளங்கையால் ஒரு தட்டு;
போய் உட்கார்ந்துகொண்டது.

எண்ணெய்த் தாளில் சுற்றிய மூன்று வெட்டிகள்
என் மேசை டிராயரில்.
எந்தத் தலைப்பில் எழுதுவது?
தளவாடமா, தேக்கமா, இன்னும் வராத எதற்கோ முன்பணமா?
பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

தண்டு நீளமான ரம்பம் இப்போ என்ன விலை இருக்கும் என்று
நேற்று நஞ்சி கேட்டாள்,
சும்மா தெரிஞ்சுக்கத்தான்.